டிஸ்க் போட முதல் பாக்க வேண்டியது

யாழ்ப்பாணத்தில பழைய கார் வச்சிருக்கிற ஆக்கள் இப்ப என்னட்டக் கேக்கிறது ஒண்டுதான், தம்பி இதுக்கு டிஸ்க் பிறேக் போடலாமோ எண்டு. (சில்லோட சுத்துற தட்டை ரெண்டு பக்கத்தாலயும் பாட் எண்ட கட்டை நெரிச்சுப் பிடிக்கிறது டிஸ்க். பழைய காரில இருக்கிறது ட்றம், சுத்துற கிண்ணத்தை உள்ளுக்கிருந்து ஷூ எண்ட வளைஞ்ச கட்டை தள்ளிப் பிடிக்கிறது.) போடலாம். மொறிஸ் மைனர் எண்ட பழைய இங்கிலீஸ் காருக்கெண்டே செற்றா வருது. ஆனா நான் மறுமொழி சொல்ல முதல் சாரதிப் பக்கத்துக் கார்பெற்றைத் தூக்கிப் பாப்பன். மைனரின்ர மாஸ்டர் சிலிண்டர், பெடலை அமத்தேக்க பிறேக் ஒயிலைப் பைப்பால சில்லுகளுக்குத் தள்ளுறது, அங்க தரைக்குக் கீழ, சேஸிக்குள்ள ஒளிச்சுக் கிடக்கு, ஒரு தகட்டு மூடியைக் கழட்டினாத்தான் ஒயில் ஊத்துற வாயே தெரியும். கனகாலமாக் கார் ஓட்டின ஆக்களுக்கே அது தெரியாது. திறந்து பாத்தா பிளேன்ரீ நிறத்தில ஒயில், அடியில ரப்பர் கரைஞ்ச கறுப்புச் சகதி. அப்பிடி இருக்கிற காரில டிஸ்க் கதைக்கு இன்னும் நேரம் வரேல்ல.

முந்தி கராஜ் ஒண்டில நிண்டனான், இப்ப வீடுகளுக்குப் போய் பிறேக் வேலை மட்டும்தான் செய்யிறன். பிறேக் பிடிக்காத காரை கராஜ் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வாங்கோ எண்டு ஒரு வயசுபோன மனுசருக்குச் சொல்ல எனக்கு மனம் வராது, காங்கேசன்துறை வீதியில இப்ப ஓடுற பஸ்ஸும் ஓட்டோவும் அறுபது வருசத்துக் காரை நினைச்சு ஓடேல்லத்தானே. மாமரத்துக்குக் கீழ நிழல் இருந்தாக் காணும். நிலம் கெட்டியா இருக்கோணும், ஜக்கை மட்டும் நம்பிக் கீழ படுக்கிறேல்ல, சீமெந்துக் கல்லும் வைக்கிறேல்ல, அது சொல்லாமல் வெடிச்சுப் போகும். ஸ்டாண்ட் இல்லையெண்டால் நல்ல பனங்குத்தி.

நான் வேலை பழகினது ஒஸ்ரின் ஏ40 காருகளில. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சாமான் ஒண்டும் உள்ள வராது, கார்புரேட்டருக்குள்ள ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில ஓட்டின காலம். அதே தொண்ணூறுகளில காலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கு ஏத்தினவை எண்டு பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. ஒரே நாடு. இஞ்ச ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டருக்குள்ள போடுற ஒரு ரப்பர் கப்புக்கு நாங்கள் அலைஞ்சம். எனக்கு வேலை பழக்கின அண்ணை ஒரு சாமானையும் எறிய விடமாட்டார், சிலிண்டரை மினுக்கி, ஷூவுக்குப் புது லைனிங் தறைஞ்சு, திருப்பித் திருப்பிப் போடுவார். அந்தக் கைகளாலதான் இந்தக் கார் எல்லாம் இண்டைக்கும் றோட்டில நிக்குது, அதை நான் எப்பவும் பெருமையாச் சொல்லுவன். ஆனா அண்டைக்கு வேற வழி இல்லாமல் செய்ததை இண்டைக்கும் செய்யத் தேவையில்லை. ரப்பர் சாமான் எல்லாம் புதுசாத்தான் போடோணும், அதில மிச்சம் பிடிக்கக் கூடாது.

போன வருசம் செய்த வேலை ஒண்டு இருக்கு. இணுவில் பக்கம், ரிட்டயரான பள்ளிக்கூட மாஸ்டர் ஒருத்தர், 948 சிசி மைனர், வாகன இறக்குமதியை 2020இல நிப்பாட்டினதோட கார் விலை ஏறின ஏத்தத்தில வேற கார் எண்ட யோசினையையே விட்டிட்டார். மகன் லண்டன். ஊருக்கு வந்த சொந்தக்காரரின்ர பெட்டியில முன் சில்லுக்கு டிஸ்க் செற் ஒண்டு குடுத்துவிட்டிருக்கிறார், டிஸ்க், பாட்டை நெரிக்கிற கலிப்பர், பாட், பிறக்கற் எல்லாம் இருக்கு. மாஸ்டருக்கு அதில விருப்பமில்லை. "தம்பி, 7 இஞ்சி ட்றம்தான் இவ்வளவு காலமும் என்னை நிப்பாட்டினது" எண்டார்.

அவர் சொன்னதில ஞாயம் இருக்கு. மைனரின்ர முன் ட்றம் லேசுப்பட்ட வேலையில்லை, ஒவ்வொரு சில்லுக்கும் ரெண்டு சிலிண்டர், முன்னுக்குப் போகேக்க ரெண்டு ஷூவும் சுத்துற ட்றம்மோட தானாவே இறுகிப் பிடிக்கும் (றிவேர்ஸில அந்தப் பிடி இல்லை, அதால படலையால பின்னுக்கு எடுக்கேக்க கவனம்). 1962இல எஞ்சினை 1098 சிசி ஆக்கேக்க கொம்பனியே முன் ட்றம்மை 8 இஞ்சி ஆக்கிப்போட்டுது, அந்த ட்றம்மும் ஷூ பூட்டியிருக்கிற பின்தட்டும் கழிச்ச காரில கிடைச்சால் 948க்கு அப்பிடியே போல்ட் பண்ணலாம், செலவு குறைஞ்ச நல்ல முன்னேற்றம் அதுதான்.

டிஸ்க்கைப் பற்றி எல்லாரும் சொல்லுறது சூடேறினாலும் பிடி குறையாது எண்டு. அது கண்டி, நுவரெலியா இறக்கத்துக்குச் சரி. எங்கட குடாநாடு தட்டை, மலையுமில்லை இறக்கமுமில்லை, ட்றம் சூடேறிப் பிடி விடுற அளவுக்கு இஞ்ச என்ன இருக்கு. இஞ்ச பிரச்சினை தண்ணி. ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஒழுங்கையெல்லாம் வெள்ளம் நிக்கும், அதுக்குள்ளால போய் ஏறினா ட்றம்முக்குள்ள தண்ணி, அடுத்த சந்தியில அமத்தினா பிடிக்காது, இல்லாட்டி ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு இழுக்கும். டிஸ்க் வெளியில கிடக்கிறதால தண்ணியை உதறிப்போடும். யாழ்ப்பாணத்துக் காருக்கு டிஸ்க் போட என்னட்ட இருக்கிற ஞாயம் இந்த மழை ஒண்டுதான், மாஸ்டருக்கும் அதைத்தான் சொன்னன், அவர் மாரியில நல்லூருக்குப் போறதை நிப்பாட்டுற ஆள் இல்லை.

ஆனா மகனோட போனில கதைக்கேக்க நான் டிஸ்க்கைப் பற்றிக் கனக்கச் சொல்லேல்ல. "தம்பி, நீங்கள் அனுப்பினது நல்ல சாமான், ஆனா நாலு சில்லுக்கும் ஒரே ஒரு லைன்தான் போகுது, எங்கயாவது ஒரு பைப் வெடிச்சால் டிஸ்க்கும் இல்லை ட்றம்மும் இல்லை, அப்பாவுக்கு ஹாண்ட்பிறேக் மட்டும்தான் மிச்சம்" எண்டன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கதையில்லை. பிறகு, "அப்ப என்னண்ணை அனுப்ப" எண்டு கேட்டார். முன்னுக்கு ஒரு லைன் பின்னுக்கு ஒரு லைன் எண்டு பிரிக்கிற ரெட்டை மாஸ்டர் சிலிண்டர். அது வருமட்டும் டிஸ்க் செற் பெட்டியிலயே கிடந்தது.

அதுக்கிடையில பைப்பைப் பாத்தன். மாஸ்டரின்ர மகளைக் கட்டிக் குடுத்தது காரைநகர், பாலத்தால போய் வந்து உப்புக்காத்துப் பட்டு பின்னுக்குப் போற இரும்புப் பைப் பொருக்குப் பொருக்கா உரியுது. செம்பு நிக்கல் கலந்த பைப் போட்டன், அது கறள் பிடிக்காது. ரப்பர் ஹோஸ் முன்னுக்கு ரெண்டு பின்னுக்கு ஒண்டு, மூண்டையும் மாத்தினன். பழைய ஹோஸ் வெளியில நல்லா இருக்கும், உள்ளுக்கு ஊதி அடைச்சுப்போடும், ஒயில் அமத்தேக்க போகும் திரும்பி வராது, காலை எடுத்த பிறகும் சில்லு இறுகி நிக்கும். ஆக்கள் ஷூவைக் குறை சொல்லி ஷூவை மாத்துவினம், பிறகும் அதே கதை. இன்னொண்டு, ட்றம்மைக் கழட்டினா உள்ளுக்கு இருக்கிற தூசியைக் கொம்பிரசரால ஊதாதைங்கோ, பழைய லைனிங்கில அஸ்பெஸ்டஸ் இருக்கும், ஈரத் துணியால துடைச்சு பையில கட்டிப்போடுங்கோ. சின்னப் பிள்ளையள் விளையாடுற முத்தம் அது.

பழைய மாஸ்டர் சிலிண்டரைக் கழட்டுறதுதான் இந்தக் காரில பெரிய வேலை, அதைப் பிடிச்சிருக்கிற நீட்டுப் போல்டை வெளியில இழுக்க விடாமல் டோர்ஷன் பார், முன் சில்லுக்கு ஸ்பிரிங்கா வேலை செய்யிற நீட்டு இரும்புக் கம்பி, குறுக்க நிக்கும், அதைத் தளர்த்தி விலத்தினாத்தான் வரும், அவசரப்படக் கூடாத இடம். எங்களுக்கு வந்த ரெட்டைச் சிலிண்டர் எஞ்சின் பக்கம் பூட்டுறது, இனி பொனற்றைத் திறந்தாலே ஒயில் மட்டம் தெரியும், எனக்கு அதுவே பெரிய நிம்மதி. வேற ஆக்கள் பழைய சிலிண்டரையே வச்சுக்கொண்டு டிஸ்க் போடுறதெண்டால் ஒண்டைக் கவனியுங்கோ, அதின்ர வாயில ஒரு சின்ன வால்வ் இருக்கு, காலை எடுத்த பிறகும் பைப்புக்குள்ள கொஞ்ச அமுக்கத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். ட்றம்முக்கு அது வேணும். டிஸ்க் லைனில அது இருந்தால் பாட் உரசிக்கொண்டே இருக்கும், சில்லு சுடும்.

டிஸ்க்கும் பூட்டி முடிச்சு, பைப்புக்குள்ள நிக்கிற காத்தை எடுக்கேக்க மாஸ்டர்தான் பெடலில இருந்தவர்.

"அமத்துங்கோ ஐயா."

"அமத்திட்டன்."

"அப்பிடியே வச்சிருங்கோ, நான் சொல்லுமட்டும் காலை எடுக்காதைங்கோ."

சில்லில காத்து வெளியேறுற நிப்பிளைத் திறந்து, குமிழி வந்து, பூட்டி, பிறகு விடச் சொல்லி, திரும்ப அமத்தச் சொல்லி. தூரச் சில்லில துவங்கிக் கிட்டச் சில்லுக்கு வாறது. படிப்பிச்ச மனுசர் எல்லே, சொன்னா சொன்னபடி, அவசரமே இல்லை, எனக்கு இவ்வளவு நல்ல உதவியாள் கிடைச்சதில்லை. கடைசியில பெடல் கல்லுமாதிரி நிக்கேக்க என்னைத் திரும்பிப் பாத்தார், ஒண்டும் சொல்லேல்ல, திரும்பவும் ஒருக்கா அமத்திப் பாத்தார்.

பிறகு ஆளில்லாத வயல் றோட்டில 50 கிலோமீற்றர் வேகத்தில போய் மெல்லமா அமத்தி, விட்டு, ஆற விட்டு, திரும்பவும், பாட் படியுமட்டும் அப்பிடித்தான் செய்யோணும், முதல் நாளே சடார் எண்டு அமத்துறேல்ல. கையை ஸ்டியறிங்கில இருந்து கொஞ்சம் தளர்த்திப் பாத்தன், ஒரு பக்கமும் இழுக்கேல்ல.

பிறேக் ஒயில் டொட் 4 எண்ட தரத்தில விட்டிருக்கு. அது புதுசில 230 பாகைக்கு மேலதான் கொதிக்கும், காத்தில இருக்கிற ஈரத்தைக் குடிச்ச பிறகு 155 மட்டும் இறங்கிப்போகும், எங்கட கடற்கரைக் காத்தில அந்த ஈரம் உள்ளுக்குப் பைப்பையும் சிலிண்டரையும் அரிக்கும். அதால ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா முழுக்க மாத்தோணும். மிச்சம் இருந்த அரைப் போத்தலை மாஸ்டர் அலுமாரியில வைக்கப் போனார், வேண்டாம் எண்டு வாங்கி வச்சிட்டன், அடுத்தமுறை சீல் உடைக்காத போத்தல் வாங்குங்கோ ஐயா எண்டன். மகனுக்கும் அதைத்தான் எழுதி அனுப்பினன், திகதியோட.