சுண்டுவிரல்

நவம்பர் 3, திங்கள்

மத்தியானமே புது விண்டோஸ் மடிக்கணினிப் பெட்டி வந்துவிட்டது. பிரிக்க மனசு வரவில்லை. ராத்திரி அப்பா கண் அசந்ததும் கத்திரிக்கோலை எடுத்தேன்.

எந்த நாடு, எந்தக் கீபோர்டு, எந்த வைஃபை என்று கேட்டுக்கொண்டே வந்தது. வைஃபை கேட்ட நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பாளையங்கோட்டையில் ரெண்டு தூறல் விழுந்தால் போதும். நெட் இல்லாமல் அடுத்த திரைக்கு விட மாட்டேன் என்று நின்றது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். அடுத்து மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட். கல்லூரிக் காலத்து ஹாட்மெயில் ஒன்று உண்டு, பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மாற்றுவதற்கான எண் வேறொரு மெயிலுக்குப் போனது. அந்த மெயிலின் பாஸ்வேர்டு பழைய மேக் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டுகளைச் சேர்த்துவைக்கும் கீசெயினில். மேக் அரிசி டப்பாவில். அரிசிக்குள் வைத்தால் சரியாகாது என்று தெரியும், இருந்தாலும் வைத்திருக்கிறேன்.

புது அக்கவுண்ட் திறந்தேன். ஒன்றரை மணிக்குத் திரை வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் என் ஃபோல்டருக்கு அதுவாகவே பெயர் வைத்திருக்கிறது: மெயில் முகவரியில் முதல் ஐந்து ஆங்கில எழுத்து. முத்துக்குமார் வெட்டுப்பட்டு முத்து. வீட்டில் அப்பா ஒருத்தர்தான் அப்படிக் கூப்பிடுவார்.

ரெண்டு மணிக்குக் கூப்பிட்டார். தண்ணீர்.

நவம்பர் 4, செவ்வாய்

விண்டோவை மூடும் எக்ஸ் வலது மூலையில் இருக்கிறது. காலையிலிருந்து இடது மூலையைக் குத்திக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 5, புதன்

கட்டைவிரல்தான் பிரச்சினை. மூளைக்குத் தெரிகிறது, இது கன்ட்ரோல், இடது கடைக்கோடி, சுண்டுவிரலால் அழுத்த வேண்டும் என்று. விரலுக்குத் தெரியவில்லை. மேக்கில் பத்து வருஷமாக ஸ்பேஸ்பாரின் பக்கத்தில் கமாண்ட். இப்போது அதே இடத்தில் ஆல்ட் உட்கார்ந்திருக்கிறது. வேர்டில் சேமிக்கலாம் என்று கை தன்பாட்டுக்குக் கமாண்ட் எஸ் அடிக்கிறது, அது ஆல்ட் எஸ் ஆகி ரெஃபரன்சஸ் பக்கம் திறந்துகொள்கிறது. மேலே சின்னச் சின்னச் சதுரங்களில் எழுத்துகள் முளைக்கின்றன. எஸ்கேப் அடித்துத் திரும்பி வந்து, திருந்தாமல் மறுபடியும் ஆல்ட் எஸ். நூறு தடவையாவது இன்று அடிக்குறிப்பு சேர்க்கவா என்று கேட்டிருக்கும்.

ஒன்றே ஒன்று பழைய இடத்தில் கிடைத்தது: ஆல்ட் டேப். விண்டோவுக்கு விண்டோ தாவுவதற்குக் கட்டைவிரலை மாற்ற வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் தேவையில்லாமல் தாவிக்கொண்டிருந்தேன்.

சரி, மேக்கில் தேடுவதற்கு இருந்த ஸ்பாட்லைட் மாதிரி ஏதாவது தேடலாம் என்று விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்தினால் கீபோர்டு தமிழுக்குப் போய்விடுகிறது. தேட நினைத்தது ஒன்று, கிடைத்தது மொழி.

கட்டிலிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார் போல. "என்னல, சுண்டுவிரலா? அது கடைசியாத்தான் வரும்." நாக்கு இன்னும் தடிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் புரிந்தது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவர். இன்ஸ்டிட்யூட்டில் முதல் பாடம், ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், ஏ-யை அடிக்க இடது சுண்டுவிரல். அந்த எழுத்து மட்டும் தாளில் மங்கலாக விழும், வாத்தியார் ஸ்கேலால் விரலில் தட்டுவார் என்று முன்பு சொல்லியிருக்கிறார். இன்று அவ்வளவு பேச முடியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

அப்பாவின் ஆள்காட்டி விரல் அசைந்தது. ஒரே ஒரு தடவை. அம்மா பார்க்கவில்லை என்கிறாள்.

நவம்பர் 7, வெள்ளி

பிசியோ தம்பி வரவில்லை. மழை.

நவம்பர் 8, சனி

எக்ஸ்டர்னல் டிஸ்கைச் செருகினேன். 'பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?' என்றது. கை நடுங்கிவிட்டது. மேக்கில் எழுதிய டிஸ்க், விண்டோஸுக்கு அது வெறும் தகடு. உள்ளே எட்டு வருஷ வேலை, அப்பாவின் ஸ்கேன், ஆகஸ்ட்டில் அவர் பேசியதை ஏதோ தோன்றிப் பதிவு செய்துவைத்த பதினேழு நிமிஷம். கை தவறியிருந்தால் எல்லாம் போயிருக்கும். ஃபார்மட் பொத்தான் வேறு அழகாக மின்னுகிறது, கேன்சலை விட.

கேன்சல். டிஸ்கைப் பிடுங்கித் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். பீரோவைப் பூட்டினேன். எதற்குப் பூட்டு என்று அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை.

அக்கா மகனிடம் மேக் இருக்கிறது. போன் பண்ணினேன். "மாமா, ஒரு பெரிய பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் பண்ணுங்க, அதை ரெண்டுமே படிக்கும். நாளைக்கு வந்து மாத்தித் தாரேன்." கல்லூரியில் இரண்டாம் வருஷம். நானும்தான் எட்டு வருஷமாகக் கம்ப்யூட்டரிலேயே சாப்பிடுகிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

எல்லாம் வந்துவிட்டது. பதினேழு நிமிஷமும். போட்டுப் பார்க்கவில்லை, அளவு மட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் அதே பெயரில், முன்னால் ஒரு புள்ளியும் ஒரு அடிக்கோடும் வைத்து, இன்னொரு குட்டி ஃபைல். மேக் போகும் இடமெல்லாம் விட்டுவிட்டுப் போகும் எச்சம். ஆயிரத்துக்கு மேல். அழிக்கலாம் என்று பையன் சொன்னான். அழித்தேன்.

ராத்திரி பிபி குறிப்புக்கு ஃபைல் திறந்து '9/11 காலை' என்று பெயர் அடித்தால் விண்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது குறிகளைப் பட்டியல் போட்டுக் காட்டி, இவை எதுவும் பெயரில் கூடாது என்கிறது. சாய்கோடும் கூடாது, கேள்விக்குறியும் கூடாது. மேக்கில் 'அப்பா?' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். செப்டம்பரில்.

நவம்பர் 10, திங்கள்

டிஸ்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் குறியாக்கம் தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறதாம், எனக்கு இன்றுதான் தெரியும். சிக்கிக்கொண்டால் திறக்க 48 இலக்க எண் வேண்டும். அக்கவுண்டில் இருக்கும், இருந்தாலும் தாளில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எட்டுத் தொகுதி, தொகுதிக்கு ஆறு எண். கையில் அகப்பட்டது அப்பாவின் பிபி நோட்டு.

நான் எழுதினேன், அப்பா நோட்டைப் பார்த்து வாசித்தார், நான் திரையோடு சரிபார்த்தேன். முதல் தொகுதி நன்றாக வந்தது. மூன்றாவதில் ஏழு 'ஏலு' ஆனது. ஐந்தாவதில் நிறுத்தி மூச்சு வாங்கினார். போதும்பா என்றேன். கையைக் காட்டினார், இடது கையை, சும்மா இரு என்று. எட்டையும் முடித்தார். இருபது நிமிஷம்.

பேச்சுப் பயிற்சிக்காரர் கொடுத்த தாளில் அணில், ஆடு, இலை என்று இருக்கிறது. அதை அவர் தொடுவதே இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

இன்றும் எண்ணை வாசித்தார். அவராகவே நோட்டைக் கேட்டு வாங்கி.

நவம்பர் 12, புதன்

மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அப்டேட் வெளியிடுவார்களாம், நம் ஊருக்கு அது புதன். 38 சதவீதத்தில் நிற்கிறது. அணைக்காதே என்கிறது. நான் எங்கே அணைக்கப் போகிறேன்.

ஏழு, 'ஏலு' இல்லை.

நவம்பர் 13, வியாழன்

எரிச்சல். பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டிய புத்தகத்தைத் திறந்தேன். மேக்கில் இணைமதி எழுத்துருவில் கோத்தது, 212 பக்கம். இங்கே இணைமதி கிடையாது, அதுவாகவே நிர்மலா எழுத்துருவைப் போட்டு 219 ஆக்கிவைத்திருக்கிறது. பொருளடக்கம் முழுக்கத் தப்பு. லதா ஞாபகம் வந்து தேடினால் அதுவும் காணோம். முன்பெல்லாம் விண்டோஸ் என்றாலே லதாதான். இப்போது செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று போய், தமிழ் துணை எழுத்துருக்கள் என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இறக்கினேன். வந்தாள். கொஞ்சம் கட்டையாக, அதே பழைய முகத்தோடு. பக்கம் மட்டும் சரியாகவில்லை.

கோபத்தில் பவர்டாய்ஸ் இறக்கி ஆல்ட்டையும் கன்ட்ரோலையும் இடம் மாற்றினேன். கட்டைவிரலுக்குப் பழைய வீடு கிடைத்துவிட்டது. அரை மணி நேரம் ராஜா மாதிரி வேலை. அப்புறம் ஆல்ட் டேப் சுண்டுவிரலுக்குப் போய்விட்டது தெரிந்தது. இருந்த ஒன்றும் போச்சு. திரும்ப மாற்றிவிட்டேன்.

அம்மா சாப்பிட்டாளா என்று கேட்க மறந்துவிட்டேன். சாப்பிடவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

பெயர் மாற்ற என்டர் அடித்தேன், ஃபைல் திறந்துகொண்டது. எஃப்2. எஃப்2. எஃப்2.

நவம்பர் 15, சனி

தமிழ் 99 சேர்த்துவிட்டேன். மொழிப் பட்டியலில் தமிழுக்குள் போனால் கீபோர்டுகளில் அதுவும் இருக்கிறது, அஞ்சலும் இருக்கிறது. பழகின கீபோர்டு கிடைத்ததும் பத்து நிமிஷம் சும்மாவே அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கேட்டார். மடிக்கணினியை அவர் மடியில் வைத்தது இதுதான் முதல் தடவை. தலையணையை முட்டுக் கொடுத்தேன். டைப்ரைட்டர் போர்டு இல்லை என்றதும் முகம் சுளித்தார், "இதுல எழுத்தெல்லாம் எங்க கெடக்கு?" தமிழ் 99-இல் உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது, நிறுத்திவிட்டேன். வலது கை போர்வைக்குள் இருந்தது.

அவர் நிற்கவில்லை. இடது கையால் அ, இ, உ. மேல் வரிசைக்குப் போய் ஆ, ஈ, ஊ. சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒழுங்காக, இன்ஸ்டிட்யூட் பாடம் மாதிரி, ஒரு எழுத்துக்கு ஒரு விரல். கீழ் வரிசையில் ஔ, ஓ, ஒ. அதற்கு அடுத்தது வ.

நான் மறந்தே போயிருந்தேன். வ-வும் ங-வும் இடது பக்கம்தான். வலது கைக்கு இடம் பத்தாமல் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்களோ என்னவோ.

வ அடித்தார். யோசித்தார். சுண்டுவிரலை மேலே தூக்கி ஆ.

வா.

அழித்துவிட்டு மறுபடியும் அடித்தார். ஒரு வரி முழுக்க வா வா வா. யாரை என்று கேட்டேன். சிரித்தார், வாய் ஒரு பக்கமாக. "மெய்யெழுத்த."

சேமிக்கப் போனேன். ஆல்ட் எஸ்.

நவம்பர் 16, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே எழுப்பிவிட்டார். அதை எடுத்துட்டு வா என்கிறார். சார்ஜ் 4 சதவீதம், கரண்ட் இல்லை