நெட் போய்விட்டதா? மோடத்தை அணைப்பதற்கு முன் விளக்குகளைப் பாருங்கள்

நெட் வரவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவதுதான். சில சமயம் அது பலிக்கும். ஆனால் எது கெட்டது என்பது தெரியாமலே போய்விடும், மறுநாள் அதே தொல்லை திரும்ப வரும். போன் கம்பி வழியே வரும், எப்போதும் இயங்கும் பிராட்பேண்ட் (ஏடிஎஸ்எல்) என்பது ஒரே இணைப்பு அல்ல. லைன், லாகின், வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க் என்று மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. எது விழுந்தது என்று மோடத்தின் விளக்குகளே காட்டிக்கொடுக்கும்.

முதலில் லைன். பழைய டயல்-அப் மோடம், பேச்சு போகும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையையே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நெட் ஓடும்போது போன் பேச முடியாது, வேகமும் 56 கிலோபிட்டைத் தாண்டாது. ஏடிஎஸ்எல் அதே செம்புக் கம்பியில் பேச்சுக்கு மேலே உள்ள இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஏறக்குறைய 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை அப்லோடுக்கு, அதற்கு மேல் 1104 கிலோஹெர்ட்ஸ் வரை டவுன்லோடுக்கு. அதன் அடுத்த வகையான ஏடிஎஸ்எல் 2 பிளஸ்ஸில் இது 2208 வரை நீளும். இந்த இடம் முழுவதும் 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சிறு சிறு தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மோடத்தைப் போட்டதும் டிஎஸ்எல் (லைன்) விளக்கு மினுக்குகிறதே, அப்போது மோடமும் எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவியும் ஒவ்வொரு தடத்திலும் எவ்வளவு இரைச்சல் என்று அளந்து, எதில் எத்தனை பிட் ஏற்றலாம் என்று முடிவு செய்கின்றன. ஒரு தடத்தில் அதிகபட்சம் 15 பிட். கணக்கு முடிந்ததும் விளக்கு நிலையாக எரியும்.

அதற்குப் பிறகு நீங்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் லைனில் சிக்னல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அனுப்ப எதுவும் இல்லாத நேரத்தில் வெற்றுச் செல்கள் (காலிப் பொட்டலங்கள்) போய்வரும். இவை உங்கள் டேட்டா கணக்கில் சேராது. எனவே மோடம் எரிந்துகொண்டிருந்தால் டேட்டா தீர்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். கணக்கை ஏற்றுவது அதோடு இணைந்திருக்கும் கருவிகள் பின்னணியில் இறக்கும் அப்டேட்டுகள்தான்.

டிஎஸ்எல் விளக்கு அடிக்கடி மினுக்கினால் சந்தேகப்பட வேண்டியது உள்வயரிங்கை. வெளியிலிருந்து வரும் லைன் முதலில் ஸ்பிளிட்டருக்கு (பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் சிறு பெட்டி) போக வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் போனுக்கு, இன்னொன்று மோடத்துக்கு. ஸ்பிளிட்டருக்கு முன்னாலேயே பிரித்து அடுத்த அறைக்கு எக்ஸ்டென்ஷன் போன் கொடுத்திருந்தால், அந்தப் போனுக்கும் நெட் சிக்னலைத் தடுக்கும் தனி ஃபில்டர் வேண்டும். இல்லாவிட்டால் ரிசீவரில் இரைச்சல் கேட்கும், மணி அடிக்கும்போதோ ரிசீவரை எடுக்கும்போதோ நெட் அறுந்துபோகும். சோதிக்க எளிய வழி: எல்லாப் போன்களையும் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் லைன் நுழையும் முதல் பெட்டியில் மோடத்தை நேராகச் செருகி ஒரு நாள் ஓட விடுங்கள். அறுபடாமல் ஓடினால் குற்றம் வீட்டு வயரிங்கில்தான். தட்டையான நீள வயர், பச்சை பிடித்த முனை, முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, இவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

கண்ணால் பார்த்துத் தெரியாததை மோடத்தின் நிர்வாக வெப் பக்கம் சொல்லும். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான மோடங்களில் அது திறக்கும் (சிலவற்றில் வேறு முகவரி, அடியில் ஒட்டியிருக்கும்). அதில் டிஎஸ்எல் நிலை என்ற பகுதியில் எஸ்என்ஆர் மார்ஜின், அட்டெனுவேஷன் என்று இரண்டு எண்கள் இருக்கும். மார்ஜின் என்பது இரைச்சலைத் தாங்க லைனுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி. அது 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 6-க்குக் கீழே போனால் லைன் எப்போது வேண்டுமானாலும் அறும். அட்டெனுவேஷன் என்பது வழியில் சிக்னல் தேயும் அளவு, தூரத்தைக் காட்டுவது. அது 60-ஐ நெருங்கினால் நல்ல வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம், மோடத்தை மாற்றுவதாலும் பெரிதாக எதுவும் நடக்காது.

பகலில் நன்றாக இருக்கும் மார்ஜின் இரவில் இரண்டு மூன்று டெசிபல் இறங்குவதைப் பார்க்கலாம். மத்திய அலை வானொலி ஏறக்குறைய 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்பாகிறது, அதாவது பாதி ஏடிஎஸ்எல்லின் டவுன்லோடு பகுதிக்குள்ளேயே, ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்றால் முழுவதுமே. இரவில் அந்த அலைகள் வெகுதூரம் வந்து, நீளமான போன் கம்பியை ஆன்டெனா ஆக்கிக்கொள்கின்றன. நேரம் காலம் இல்லாமல் இறங்கினால் மலிவான சார்ஜரையோ எல்இடி விளக்கின் அடாப்டரையோ சந்தேகப்படுங்கள். சிறிய ரேடியோவை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து அவற்றின் அருகே கொண்டுபோனால், இரைச்சல் கூடுமிடத்தில் ஆள் அகப்பட்டுவிடுவார்.

டிஎஸ்எல் விளக்கு நிலையாக இருந்தும் இன்டர்நெட் விளக்கு எரியவில்லை என்றால் பிரச்சினை லாகினில். பல இணைப்புகளில் இது பிபிபிஓஇ என்ற முறையில் நடக்கிறது. மோடம் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்து, மறுமுனை சர்வரிடம் ஒரு ஐபி முகவரி வாங்கிக்கொள்கிறது. மோடம் பிரிட்ஜ் முறையில் (சிக்னலைக் கடத்துவது மட்டும்) இருந்து கம்ப்யூட்டரே டயல், அதாவது லாகின், செய்தால் விண்டோஸ் எண் காட்டும்: 691 என்றால் யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை, 651 அல்லது 678 என்றால் மறுமுனையிலிருந்து பதிலே இல்லை. மின்சாரம் பட்டென்று போய் வந்த பிறகு சரியான பாஸ்வேர்டையும் சர்வர் மறுக்கலாம். பழைய லாகின் அங்கே இன்னும் உயிரோடு இருப்பதுதான் காரணம். ஐந்து பத்து நிமிடம் பொறுத்தால் போதும்.

மோடமே டயல் செய்யும் ரவுட்டர் முறையைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதில் ஐடில் டைம்அவுட் என்ற அமைப்பை 0 ஆக்குங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் அதுவே துண்டித்துக்கொள்ளும். எம்டியு (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1492 பைட் ஆக இருக்கட்டும். வழக்கமான 1500-ல் 8 பைட் பிபிபிஓஇ முன்னால் சேர்க்கும் தலைப்புத் தகவலுக்குப் போய்விடுகிறது. இது தவறினால் சில தளங்கள் திறக்கும், சில பாதியில் நிற்கும். அப்போது பலரும் அந்தத் தளத்தைக் குறை சொல்வார்கள்.

மூன்றாவது அடுக்கான வீட்டு நெட்வொர்க் சுலபம். கம்ப்யூட்டரின் ஐபி 169.254 என்று தொடங்கினால் மோடத்திடமிருந்து முகவரியே வரவில்லை, கேபிளையோ வைஃபையையோ பாருங்கள். 8.8.8.8 என்ற கூகுள் சர்வருக்கு பிங் (பதில் வருகிறதா என்ற சோதனை) போகிறது, தளத்தின் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் குற்றம் டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவையில்.

பின்பக்கம் ஊசித் துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை மட்டும் அவசரத்தில் அழுத்தாதீர்கள். அது ரீஸ்டார்ட் அல்ல. யூசர்நேம், இணைப்பின் தடத்தைக் குறிக்கும் விபிஐ, விசிஐ எண்கள் எல்லாம் அழிந்துவிடும். முதலில் அவற்றை ஒரு தாளில் குறித்து மோடத்தின் அடியில் ஒட்டிவிடுங்கள். சில நிறுவனங்களின் கருவிகள், ஒரே நாளில் பலமுறை அறுபடும் லைனை நோயாளி என்று எண்ணித் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிடும். மணிக்கு ஒருமுறை அணைத்துப் போடுவது வினையாகும்.

எப்போதும் திறந்திருக்கும் இணைப்பை எப்போதும் யாராவது தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மோடத்தின் நிர்வாகப் பாஸ்வேர்டு வந்தபடியே இருந்தால் இன்றே மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை மூடுங்கள். பிரிட்ஜ் முறை என்றால் கம்ப்யூட்டரின் ஃபயர்வால் திறந்துகிடக்கக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் மட்டும் அணைத்தே ஆக வேண்டும், அதுவும் மின்சாரப் பிளக்கோடு போன் வயரையும் கழற்றி. பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுப் போன் வயரை விட்டதால் எரிந்துபோகும் மோடங்கள் நிறைய.

புகார் கொடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள். எந்த விளக்கு அணைந்தது, எந்த நேரத்தில், அப்போது மார்ஜின் எவ்வளவு, சிஆர்சி பிழை எண்ணிக்கை (லைனில் கெட்டுப்போன டேட்டாவின் கணக்கு) ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது, இந்த நான்கையும் சொல்லுங்கள்.