விளக்கு எரியுது, ஆனா முன் சக்கரம் சுத்தல

போன மழைல ஒரு மண் ஏத்தத்துல என் ஃபோர் வீல் டிரைவ் வண்டி (நாலு சக்கரமும் இழுக்குறது) நின்னுடுச்சு. லீவர ஃபோர் லோல (நாலு சக்கரத்துக்கும் மெதுவா, அதிக இழுவையோட போற கியர்) போட்டாச்சு, டேஷ்போர்டுல விளக்கும் எரியுது, ஆனா ஆக்ஸிலேட்டர மிதிச்சா பின்னாடி மட்டும்தான் சேத்த வாரி அடிக்குது, முன் சக்கரம் ரெண்டும் அப்படியே நிக்குது. தம்பி எறங்கி குனிஞ்சு பாத்துட்டு, "அண்ணா, முன்னாடி போற ஷாஃப்ட் சுத்துதுண்ணா, வீலுதான் சுத்தல"ன்னான். சரி, ஹப் போச்சுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு, அதாவது முன் சக்கரத்தையும் அத சுத்துற ஷாஃப்ட்டையும் ஒன்னா பூட்டுற பாகம்.

இதுல நெறைய பேரு ஏமாந்து போற எடம் ஒன்னு இருக்கு. அந்த விளக்கு எரிஞ்சா டிரான்ஸ்ஃபர் கேஸ்ல (இழுவைய முன்னாடியும் பின்னாடியும் பிரிச்சு அனுப்புற பெட்டி) கியர் விழுந்துடுச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான். முன் சக்கரத்த ஹப் புடிச்சுச்சா இல்லையான்னு என் வண்டில இருக்குற விளக்குக்கு தெரியவே தெரியாது. எனக்கு இடது பக்க ஆட்டோமேட்டிக் ஹப் (தானா பூட்டிக்கிறது) மட்டும்தான் புடிக்கல, வலது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனாலும் ரெண்டு சக்கரமும் சுத்தல, ஏன்னா சாதா டிஃப்ரன்ஷியல் (ரெண்டு பக்க சக்கரத்துக்கும் இழுவைய பிரிச்சு குடுக்குற கியர் பெட்டி) எந்தப் பக்கம் லேசா சுத்துதோ அந்தப் பக்கமே சுத்திவிட்டுடும், இடது ஆக்ஸில் ஷாஃப்ட் உள்ளுக்குள்ள சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், வலது பக்கத்துக்கு இழுவையே போகாது. ஒரு ஹப் போனா முன்பக்கம் மொத்தமா போன மாதிரிதான்.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே கையால திருப்புற ஹப்தான். இது ஒன்னும் புதுசு இல்ல. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு ராணுவ ஜீப்பெல்லாம் சாதாரண ஜனங்க கைக்கு வந்தப்ப, நல்ல ரோட்டுல போறப்பகூட முன் ஆக்ஸில் வீணா சுத்திக்கிட்டே இருந்துச்சு, அத நிறுத்தத்தான் இந்த ஹப் வந்துச்சு, அமெரிக்கால வார்ன் கம்பெனி 1948ல ஆரம்பிச்சதே இத செய்யத்தான். ஃப்ரீல வெச்சா சக்கரம் பேரிங் மேல தனியா ஓடும், ஷாஃப்ட், டிஃப்ரன்ஷியல் எல்லாம் சும்மா நிக்கும். லாக்ல வெச்சா சக்கரமும் ஷாஃப்ட்டும் ஒன்னாயிடும். நடுவுல வேக்குவம் (காத்த உறிஞ்சி ஹப்ப புடிக்க வைக்கிற ஏற்பாடு) கிடையாது, டியூப் கிடையாது, ஒரு பல்லு வளையமும் ஸ்பிரிங்கும்தான்.

வாங்குறதுக்கு முன்னாடி ஆக்ஸில் ஷாஃப்ட் நுனில இருக்குற பல்லு எத்தனைன்னு கண்டிப்பா எண்ணிக்கோங்க, போல்ட் எத்தனைன்னும் பாத்துக்கோங்க, ஒரே வண்டிலயே வருஷத்துக்கு வருஷம் மாறும். அப்புறம் எப்பவும் 4 சக்கரமும் ஓடுற ஃபுல் டைம் வண்டிக்கு இது அப்படியே ஆகாது, வேணும்னப்ப மட்டும் ஃபோர் வீல்ல போடுற பார்ட் டைம் வண்டிக்குத்தான்.

வேலைக்கு வருவோம். சமமான தரைல நிறுத்தி, டூ வீல்ல போட்டு, பின் சக்கரத்துக்கு கல்லு வெச்சு, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் குடுத்தோம். வெறும் ஜாக்கிய நம்பி வேலை பாக்காதீங்க. ஹப் மூடிய கழட்டுனா ஷாஃப்ட் நுனில ஸ்னாப் ரிங் (காடில உக்கார்ற ஸ்பிரிங் வளையம்) இருக்கும், அத சர்கிளிப் பிளையர்ல எடுக்கணும், ஸ்க்ரூட்ரைவர விட்டு நெம்புனா பறந்துபோயிடும், கண்ணுல அடிச்சா அவ்வளவுதான், கண்ணாடி போட்டுக்கோங்க. அடுத்து ஸ்டட்டுல (நட்டு மாட்டுற, மரை போட்ட கம்பி) இருக்குற கூம்பு வாஷர், இதுதான் பாதி நேரத்த தின்னுச்சு. நட்ட கழட்டினாலும் அது வராது, இறுகி ஒட்டிக்கிட்டு இருக்கும். நட்ட ஸ்டட் நுனி வரைக்கும் திருப்பி விட்டுட்டு, பித்தளை கம்பிய வெச்சு சுத்தியால சுத்தி சுத்தி தட்டணும், பொறுமையா தட்டுனா ஒவ்வொன்னா துள்ளி வெளிய வரும். இரும்புல நேரா அடிச்சா ஸ்டட்டோட மரை போயிடும்.

பழைய ஹப்ப பிரிச்சு பாத்தா உள்ள கிரீஸ் காஞ்சு மெழுகு மாதிரி கெட்டியா இருந்துச்சு, புடிக்கிற பல்லு நகரவே எடமில்ல. யாரோ முன்னாடி நல்லதுன்னு நெனச்சு அடைச்சு வெச்சிருக்காங்க. பேரிங்குக்குத்தான் கிரீஸ் நெறைய வேணும், ஹப்புக்குள்ள பல்லு மேல மெல்லிசா ஒரு பூச்சு போதும். அதிகமா அடைச்சா ஸ்பிரிங்கால தள்ள முடியாது, குளிர்ல இன்னும் மோசம். நான் எல்லாத்தையும் கழுவி, பேரிங்கயும் எடுத்து தொடச்சு புது கிரீஸ் வெச்சு, பேரிங் நட்ட அளவா இறுக்கிட்டு (ரொம்ப இறுக்குனா பேரிங் சூடாயிடும், லூசா விட்டா சக்கரம் ஆடும்), பழைய கேஸ்கட் ஒட்டுனத சுரண்டிட்டு, அப்புறம்தான் புது ஹப்ப ஏத்துனேன்.

ஸ்னாப் ரிங் திரும்ப போடறப்ப அது உக்கார்ற காடி கண்ணுக்கே தெரியாது, ஷாஃப்ட் உள்ள போயிருக்கும். ஷாஃப்ட் நுனில மரை போட்ட ஓட்டை இருந்துச்சு, அதுல ஒரு போல்ட்ட திருப்பி தம்பி வெளிய இழுத்து புடிச்சான், நான் ரிங்க மாட்டுனேன், ரெண்டு பேரு இல்லாம கஷ்டம்தான். மூடி போடறப்ப அதுல இருக்குற டயல் (ஃப்ரீ, லாக்னு கையால திருப்புற குமிழ்) ஃப்ரீல இருக்கணும், மூடிக்கு உள்ள இருக்குற நாக்கு ஹப்புல பல்லு இல்லாத எடத்துல உக்காரணும். அது சரியா உக்காரலன்னா போல்ட்ட வெச்சு இழுத்து உக்கார வைக்காதீங்க, கழட்டி மறுபடி வைங்க. மூடி போல்ட்டுக்கு என் மேனுவல்ல 10 நியூட்டன் மீட்டர்தான் போட்டிருக்கு, கை வேகத்துல இறுக்குனா அலுமினியத்துல மரை காலி. டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு அளவு காட்டுறது) இருந்தா அத எடுங்க.

சக்கரத்த தூக்கி வெச்சுக்கிட்டே சோதிச்சுடணும். ஃப்ரீல வெச்சு சுத்துனா ஷாஃப்ட் நிக்கணும், லாக்ல சுத்துனா கூடவே சுத்தணும், ரெண்டு பக்கமும் தனித்தனியா. டயல விரலாலதான் திருப்பணும். திரும்பலன்னா பிளையர் போடாதீங்க, சக்கரத்த கொஞ்சம் உருட்டுனா பல்லுக்கு பல்லு சேந்து தானா உள்ள விழும், "டக்"குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, தம்பி அத கேட்டுட்டு இன்னொரு தடவ திருப்பச் சொன்னான்.

வேக்குவம் ஹப் இருந்த வண்டின்னா கழட்டுன டியூப்ப மூடி போட்டு அடைச்சுடுங்க, திறந்து விட்டா காத்து இழுக்கும்.

மண்ணு பாதை வர்றதுக்கு முன்னாடியே எறங்கி ரெண்டு பக்கமும் லாக் பண்ணிடறேன், சேத்துல மாட்டுனதுக்கு அப்புறம் முட்டி வரைக்கும் இறங்கி திருப்ப வேண்டாம் பாருங்க. லாக்ல வெச்சுட்டு டூ வீல்ல ரோட்டுல போனா ஒன்னும் ஆகாது, முன்பக்க டிஃப்ரன்ஷியல் சும்மா சுத்தும், அவ்வளவுதான். ஆனா காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல்ல போட்டு ஓட்டாதீங்க, வளைவுல முன்னும் பின்னும் வேற வேற தூரம் ஓடும், அந்த முறுக்கு போக வழியில்லாம கியரத்தான் தின்னும். வண்டி ரொம்ப நாள் ஃப்ரீலயே ஓடுனா மாசத்துக்கு ஒருதரம் லாக் பண்ணி டூ வீல்லயே கொஞ்ச தூரம் ஓட்டறேன், முன் டிஃப்ரன்ஷியல்ல ஆயில் எல்லா எடத்துக்கும் போகட்டும்னு.

100 கிலோமீட்டர் ஓடுனதும் நிறுத்தி ஹப் மேல கைய வெச்சு பாத்தேன், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி லேசான சூடுதான். இடது பக்கம் ரெண்டு நட்டு கால் திருப்பு இறுகுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவ ரெஞ்ச் வெச்சு பாக்கணும்.