காது கொடுத்துக் கேட்பவர்

"இது புகார். நமக்கு வேண்டியது பண்பு" என்றார் கன்சல்டன்ட். குரலில் கடுமை இல்லை. அவரே ஓய்வு பெற்ற சூப்பரின்டென்டென்ட்தான். எங்கள் டெக்சஸ் பள்ளி மாவட்டத்துக்குப் புதிய சூப்பரின்டென்டென்டை, அதாவது தலைவரைத் தேடித் தர போர்டு அமர்த்திய நிறுவனத்தின் சார்பில் வந்திருந்தார். புதியவருக்கு என்னென்ன பண்புகள் வேண்டும் என்று கூட்டங்களில் மக்கள் சொல்வதையும் சர்வேயில் எழுதுவதையும் வகை பிரித்துக் கொடுப்பது என் வேலை.

அவர் விரல் வைத்த வரி ஒரு தமிழ்த் தாய் சொன்னது. மகனுக்கு ஆட்டிசம். வகுப்பில் கூடவே இருக்கும் உதவியாளர் ஒரே வருடத்தில் மூன்று முறை மாறிவிட்டார். "புதுசா வர்றவர் வருஷத்துக்கு ஒரு ஆர்ட் மீட்டிங்லயாவது முழுசா உட்காரணும். பேசக்கூட வேண்டாம்" என்றார். ஆர்ட் (ARD) என்பது சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன உதவி என்று பேசி முடிவு செய்ய, வருடத்துக்கு ஒரு முறையாவது நடந்தாக வேண்டிய கூட்டம். மேசையைச் சுற்றிப் பள்ளி ஆட்கள் ஐந்தாறு பேர் லேப்டாப்போடு இருப்பார்கள், எதிரில் தாய் மட்டும். அன்று எங்கள் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த என்னிடம் அந்தத் தாய் வந்து, "அக்கா, நிஜமாவே கேட்கத்தான் கூப்பிட்டீங்களா, இல்ல கேட்டோம்னு எழுதிக்கறதுக்கா?" என்றார். "கேட்கத்தான்" என்றேன். வேறென்ன சொல்வது?

கன்சல்டன்ட் அந்த வரியை 'நன்றாகக் காது கொடுத்துக் கேட்பவர்' என்ற தலைப்பின் கீழ் நகர்த்தினார். அதற்குள் அங்கே நல்ல கூட்டம். பஸ் தாமதம் பற்றி எழுதியவர், பள்ளி எல்லையை மாற்றியதில் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்ப நேர்ந்தவர், பள்ளியிலிருந்து வரும் கடிதம் ஸ்பானிஷில் இல்லை என்றவர், எல்லாரும் அதே பண்பைத்தான் விரும்பினார்களாம். அந்தத் தாய் சொன்னதை அப்படியே சுருக்க அறிக்கையில் வைக்கலாமே என்றேன். "ஒன்றை வைத்தால் மற்றது ஏன் இல்லை என்பார்கள். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வரி பின்னிணைப்புக்குப் போனது. போர்டின் ஏழு உறுப்பினர்களில் அந்தப் பின்னிணைப்பை எத்தனை பேர் புரட்டினார்கள் என்பது அவரவருக்கே வெளிச்சம்.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தச் சுருக்க அறிக்கை விண்ணப்பிக்கிறவர்கள் படிக்கப்போகும் அறிவிப்பு, குறை கேட்கும் பெட்டி அல்ல. சத்தமாகப் பேசுகிறவர்களுக்கு ஏற்ப அறிக்கை வளைந்துவிடக் கூடாது என்பதும் சரிதான். நூலகப் புத்தகங்களைப் பற்றி ஒரே வாசகத்தில் வந்த பதில்களை ஒன்றாகக் கட்டிப்போட்டபோது எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. அதைவிட, ஒரு பாட்டி ஸ்பானிஷில் இதே போலப் பேத்தியின் உதவியாளரைப் பற்றிச் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டு, 'மாணவர் ஆதரவு' என்று எழுதி மூடியவளும் நான்தானே. தமிழில் காதில் விழுந்ததால்தான் இந்த ஒரு வரிக்கு மட்டும் வாதாடினேனா? இருக்கலாம். ஆனால் அதனால் அந்த வரி பொய்யாகிவிடாதே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2004 முதல் பல வருடங்கள், டெக்சஸில் ஒரு மாவட்டத்தில் சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் 8.5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாவட்டத்துக்கு மாநிலக் கல்வித் துறையின் கண்காணிப்பில் மதிப்பெண் கெடும் என்று வைத்திருந்தார்கள். 2016இல் ஹூஸ்டன் க்ரானிக்கிள் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது. 2018இல் மத்தியக் கல்வித் துறை அதைச் சட்ட மீறல் என்றது. அத்தனை வருடங்கள் பல பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு உதவி மறுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். தனித்தனியாக வந்ததால் அவை புகார். அதைத்தான் கன்சல்டன்டிடம் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் தோன்றியது.

எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் சொல்லும் ஒரு சமாதானம் உண்டு: ஹூஸ்டனைப் பார். 2023 ஜூனில் மாநிலம் அந்த மாவட்டத்தையே எடுத்துக்கொண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டை ஒதுக்கிவிட்டு, மைக் மைல்ஸை சூப்பரின்டென்டென்டாக உட்கார வைத்தது. நாம் கேட்கவாவது செய்கிறோமே என்பார்கள். சரி, கேட்கிறோம். கேட்ட பிறகு? நேர்காணல்கள் மூடிய அறையில். டெக்சஸ் சட்டப்படி விண்ணப்பித்தவர்களின் பெயர்களை வெளியிட வேண்டியதில்லை. கடைசிச் சுற்றுக்கு வந்தவர் பெயரை மட்டும் ஓட்டெடுப்புக்கு 21 நாள் முன்பு அறிவிக்க வேண்டும். அதையும் பெரும்பாலும் 'லோன் ஃபைனலிஸ்ட்', அதாவது கடைசிச் சுற்றில் இருக்கும் ஒரே ஆள், என்று ஒரே பெயராகத்தான் அறிவிப்பார்கள். எங்கள் ஊரிலும் அப்படியே. பெயர் வெளியே தெரிந்தால் இப்போது வேலை பார்க்கும் மாவட்டத்தில் அவருக்குச் சங்கடம், அப்புறம் நல்லவர்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள் என்பது காரணம். இதற்கும் என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. இந்த வேலையில் எனக்குப் பிடிபடாத விஷயமே இதுதான். ஒவ்வொரு படியிலும் சொல்லப்படும் காரணம் சரியாகத்தான் இருக்கிறது.

புதியவர் வந்துவிட்டார். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிகிறது. முதல் நூறு நாள் எல்லாரையும் சந்தித்துக் கேட்கப்போகிறாராம், அதற்கான கூட்டங்களை ஏற்பாடு செய்வது மறுபடியும் நான். பட்டியலில் ஓர் ஆர்ட் கூட்டத்தையும் சேர்க்கலாம் என்று மேலாளருக்கு எழுதினேன். சூப்பரின்டென்டென்ட் வந்து உட்கார்ந்தால் ஆசிரியர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், அது வழக்கமான கூட்டமாகவே இருக்காது என்று பதில் வந்தது. பிள்ளையின் விவரங்கள் பேசப்படும் இடம், பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றும் இருந்தது. சம்மதம் தரக்கூடிய ஒருவரை எனக்குத் தெரியும் என்று திருப்பி எழுதினேன். அவரிடம் அதிகாரபூர்வமாகக் கேட்க வேண்டியது எங்கள் பிரிவா, சிறப்புக் கல்விப் பிரிவா என்பதில் இப்போது மெயில் ஓடிக்கொண்டிருக்கிறது.