22 டொலர் இடம்

6 ஜனவரி 2025, திங்கள்

விடுமுறை முடிந்து இன்று வேலை. காலை ஆறேகாலுக்கு மகளைப் போர்வையோடு சுற்றித் தூக்கிக்கொண்டு, அவளைப் பார்த்துக்கொள்ளும் அன்ரி வீட்டுப் படியேறினேன். டொரொன்ரோவின் ஸ்காபரோவில் அந்த நேரம் இன்னும் நல்ல இருட்டு. அன்ரி கதவைத் திறந்து, ஒன்றும் கதைக்காமல் இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளை கண் விழிக்காமலே என் தோளிலிருந்து அவர் தோளுக்கு மாறினாள். ஏழு மணிக்கு நான் முதியோர் இல்லத்தில் நிற்க வேண்டும்.

அன்ரிக்கு ஒரு நாளைக்கு 45 டொலர். 21 வேலை நாளுக்கு 945. எனக்கு மணிக்கு 24 டொலர் சம்பளம், அதில் வரி போகும். தினமும் முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிள்ளை பார்க்கும் காசுக்காகவே உழைக்கிறேன்.

இந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து, அரசுத் திட்டத்தில் சேர்ந்த டேகேர்கள் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 22 டொலருக்கு மேல் அடிப்படைக் கட்டணம் வாங்கக் கூடாது. அதாவது மாதம் 462. இது எங்கள் ஒன்ராறியோ மாகாணம் முழுவதற்கும். கேட்கச் சந்தோஷம்தான். ஆனால் அந்த 22 டொலர் இடம் கிடைக்க வேண்டுமே. நான் மூன்று டேகேர்களில் பெயர் கொடுத்தது இவள் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது. இப்போது இவளுக்கு இரண்டு வயதும் நாலு மாதமும்.

9 ஜனவரி, வியாழன்

இவரின் அக்கா மொன்றியலிலிருந்து ஃபோன் எடுத்தார். அவர் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 1997 இலேயே ஐந்து டொலர் டேகேர் வந்துவிட்டது. அவருடைய மூத்தவன் அந்த ஐந்து டொலரில் வளர்ந்தவன். "டேகேர் காசுக்கு வீட்டில் சண்டை வருமா?" என்று உண்மையாகவே கேட்டார். அவருக்கு அது தண்ணீர் வரி, வெளிச்ச பில் மாதிரி ஒரு சின்னச் செலவு.

மற்ற மாகாணங்களுக்கு அது வர 2021 ஆனது. அந்த வருட மத்திய அரசு பட்ஜெட்டில் ஐந்து வருடத்துக்கு 30 பில்லியன் டொலர் வரை ஒதுக்கி, சராசரிக் கட்டணத்தை நாளுக்குப் பத்து டொலராக்குவோம் என்றார்கள். மாகாணங்களில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது ஒன்ராறியோ, 2022 மார்ச்சில். நான் பெயர் பதிந்தது அதற்கு அடுத்த மாதம். ஊரில் எத்தனை தாய்மார் அந்தக் கிழமைகளில் அதே வேலையைச் செய்திருப்பார்கள்! கட்டணம் குறைந்தால் வரிசை நீளும் என்று தெரிந்துதானே இருந்திருக்கும். இடங்களையும் ஆட்களையும் முதலே கூட்டியிருக்க வேண்டும்.

14 ஜனவரி, செவ்வாய்

பிள்ளைக்குக் காய்ச்சல். லீவு போட்டேன். பின்னேரம் அன்ரி ஒரு டப்பாவில் பொங்கல் கொண்டுவந்து தந்தார். இன்றைய காசு வேண்டாம் என்றார்.

28 ஜனவரி, செவ்வாய்

மதியம் ஃபோன். மூன்றில் ஒரு டேகேரில் மார்ச் 3 முதல் இடம் இருக்கிறதாம். அதற்குள் இவளுக்கு 30 மாதமாகிவிடும், பிரீஸ்கூல் வகுப்பில் சேர்ப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். குளியலறைக்குள் போய் அழுதேன். கணக்கும் போட்டேன்: மாதம் 483 டொலர் மிச்சம். 2026 செப்டம்பரில் இவள் பள்ளிக்கூடத்தின் முதல் வகுப்பான ஜூனியர் கிண்டர்கார்டன் போகும்வரை 18 மாதம். 8,694 டொலர்.

30 ஜனவரி, வியாழன்

போய்ப் பார்த்தேன். நல்ல இடம், வெளிச்சமான அறை. பிரீஸ்கூலில் எட்டுப் பிள்ளைக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு அறைக்கு 24 பிள்ளைகள் வரை.

நடைபாதையில் இன்னொரு அறை பூட்டியிருந்தது. கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். சின்னக் கட்டில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இருந்தன. சுவரில் பிள்ளைகளின் உயரம் அளக்கும் ஒட்டகச்சிவிங்கிப் படம். ஏன் பூட்டு என்று கேட்டேன். "ஆசிரியர்கள் கிடைக்கவில்லை," என்றார் பொறுப்பாளர்.

பதிவுபெற்ற ஆசிரியருக்குத் திட்டத்தில் இந்த வருடம் ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 24.86 டொலர். கல்லூரியில் படித்து, எட்டுப் பிள்ளைகளின் அழுகையையும் மூக்கையும் துடைக்கிற ஒருவருக்கு என்னைவிட 86 சதம் கூட. நான் வயதானவர்களைத் துடைத்துக் குளிப்பாட்டுகிறவள். இந்த வேலையின் பாரம் எனக்குத் தெரியும். அந்த அறை பூட்டிக் கிடப்பதற்கு நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குள் வந்திருக்க வேண்டிய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் மனதை அறுக்கிறது.

இன்னொரு சிக்கல். டேகேர் திறப்பது ஏழரைக்கு. என் வேலை ஏழுக்கு. இவருக்கு இரவு ஷிஃப்ட், சில நாள் எட்டு மணிக்குத்தான் வருவார்.

13 பெப்ரவரி, வியாழன்

நேற்றிரவு முழுக்கப் பனி. பஸ் ஊர்ந்து வந்தது. வேலையிலிருந்து திரும்ப ஒன்றரை மணித்தியாலம் பிந்திவிட்டது. டேகேர்களில் பிந்தினால் நிமிடக் கணக்கில் காசு. அன்ரி மகளுக்குப் புட்டும் வாழைப்பழமும் தீத்தி, தன் பழைய சேலையை வெட்டித் தைத்த போர்வைக்குள் நித்திரையாக்கி வைத்திருந்தார்.

மனேஜரிடம் கேட்டேன். கிழமையில் மூன்று நாள் எட்டரைக்குத் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டார். மற்ற இரண்டு நாள்?

22 பெப்ரவரி, சனி

வரிக்கு ரசீது வாங்க அன்ரியிடம் போனேன். அவர் ஒரு அப்பியாசக் கொப்பி வைத்திருக்கிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், வந்த நாளுக்கு நீல மையில் சரி அடையாளம். போன மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை 205 நாள், 9,225 டொலர். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வரியில் கழிக்கக்கூடியது 8,000 வரைதான். நான் பிந்தி வந்த நாட்கள் கொப்பியில் எங்கேயும் இல்லை.

அப்புறம்தான் டேகேரில் இடம் கிடைத்ததைச் சொன்னேன். கொப்பியை மூடி வைத்துவிட்டு, "நல்லது பிள்ளை, விடாதேங்கோ," என்றார். லைசன்ஸ் இல்லாத வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. அவரிடம் இருப்பது நாலு. இவள் போனால் மூன்று. மாதம் 945 டொலர் அவருக்கு நின்றுபோகிறது. அரசின் கட்டணக் குறைப்பில் அவருக்கு ஒரு சதமும் வரவில்லை. நாங்கள் ஆயிரக்கணக்கான பேர் ஷிஃப்டுக்கு ஓடுவது இப்படியான அன்ரிமாரை நம்பித்தான்.

இரண்டு நாள் சிக்கலையும் சொன்னேன். ஆறேகாலுக்குக் கொண்டுவந்து விடச் சொன்னார், ஏழரைக்குத் தானே டேகேருக்குக் கூட்டிப்போவாராம். பத்து டொலர் கேட்டார். இருபது என்று நான் பிடிவாதமாக நின்றேன். சரி என்று சம்மதித்தார்.

3 மார்ச், திங்கள்

முதல் நாள். பையில் மாற்றுடுப்பு, உள்ளே போடும் சப்பாத்து, அன்ரி தைத்த போர்வை. வாசலில் அழுதாள். மதியம் நித்திரை கொண்டாள் என்று ஆசிரியர் படம் அனுப்பினார், போர்வை கன்னத்தோடு இருந்தது.

பின்னேரம் கூட்டிக்கொண்டு நடந்து வந்தோம். அன்ரி வீட்டு வாசலில் என் கையை விட்டுவிட்டுத் தானே படியேறினாள். கதவுக்கு முன்னால் ஈரப்படியில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள்.