பிரேக் பெடலில் தொடங்கிய சிறுதொழில்

கணினியில் கார் பந்தயம் ஓட்டும் சிம் ரேசிங்கில் கொஞ்ச காலம் ஈடுபட்டவர் எவரையும் கேளுங்கள். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் ஸ்டீயரிங்கைவிடப் பிரேக் பெடலுக்கே பங்கு அதிகம் என்பார். கோயம்புத்தூரில் பம்பு வடிவமைப்பு வேலை பார்த்துக்கொண்டு, இரவுகளில் பந்தயம் ஓட்டிவந்த எனக்கு, பெடல் செய்து விற்கும் சிறுதொழில் அமைந்ததற்கும் அதுவே காரணம்.

விலை குறைந்த பெடல்களில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் என்ற உணரி, கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை மட்டுமே அளக்கிறது. நாளடைவில் தேய்ந்து, அளவும் தடுமாறத் தொடங்குகிறது. உண்மையான பந்தயக் காரின் பிரேக் பெடலோ மிகக் கொஞ்சமே நகரும். ஓட்டுநர் அறிவது தூரத்தை அல்ல, அழுத்தத்தை. நம் காலும் ஓர் அழுத்தத்தை நினைவில் வைத்துத் திரும்பத் தருவதில்தான் தேர்ந்தது. ஆகவே அழுத்தத்தை அளக்கும் லோடு செல்லைப் பெடலுக்குள் வைப்பதே முறையான தீர்வு. மளிகைக் கடையின் மின்னணுத் தராசுக்குள் இருப்பதும் இதே லோடு செல்தான் என்பதால், அதைத் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரின் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் லேத், லேசர் கட்டிங், பவுடர் கோட்டிங் எல்லாம் ஜாப் ஒர்க்காகவே கிடைக்கும். மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் காரைப் பந்தய ஓட்டுநர் கரிவரதன் உருவாக்கிய ஊர் இது. இங்கு ஒரு பெடலைச் செய்து பார்க்கத் துணிவது இயல்பானதே.

லோடு செல் என்பது அழுத்தும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் வளையும் ஓர் உலோகத் துண்டு; அதில் ஒட்டியுள்ள ஸ்ட்ரெயின் கேஜ்களின் மின்தடை அந்த வளைவுக்கு ஏற்ப மாறுகிறது. ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் வழக்கமான செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுச் சுமையிலும் நமக்குக் கிடைப்பது 10 மில்லிவோல்ட்தான். இவ்வளவு சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கி எண்ணாக மாற்ற, தராசுகளுக்கென்றே வடிவமைத்த எச்எக்ஸ் 711 என்ற சிப்பைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். அது நொடிக்கு 10 அல்லது 80 முறை அளந்து சொல்லும். வெங்காயம் நிறுக்க 10 முறை தாராளம். ஆனால் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், இரண்டு அளவுகளுக்கு இடையில் ஐந்தரை மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 80 முறை அளந்தால் அந்த இடைவெளி 70 சென்டிமீட்டராகச் சுருங்கும். சொந்த உபயோகத்துக்கு அது போதும். காசு வாங்கி விற்கும் பொருளுக்கு இன்னும் வேகமான ஏடிஎஸ் 1256 சிப்பே பொருத்தமானது என்று முடிவு செய்தேன். செலவு கூடினாலும், வளைவுக்குள் நுழைந்தபடியே பிரேக்கைச் சிறிது சிறிதாக விடும் டிரெயில் பிரேக்கிங்கில் அந்த வேறுபாடு காலுக்குத் தெரிகிறது.

இதைவிட என்னை அதிகம் சோதித்தது மின்காந்த இரைச்சல். மோட்டாரின் தண்டிலேயே நேராகப் பொருத்திய டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங்கின் மோட்டார் பக்கத்தில் இயங்கும்போது, கால் வைக்காமலேயே பிரேக் அளவு துள்ளும். பெருக்கும் சர்க்யூட்டை லோடு செல்லை ஒட்டியே வைப்பது, இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையிட்ட கேபிள் போடுவது, இருக்கையையும் பெடலையும் ஸ்டீயரிங்கையும் தாங்கும் ரிக்கின் அலுமினியச் சட்டத்தை முறையாக எர்த் செய்வது ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் அளவு அமைதியானது. மோட்டார் இல்லாத மேசையில் மட்டும் சோதித்த பெடலை வாடிக்கையாளருக்கு அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பொழுதுபோக்காகச் செய்யும்போது ஒரு பெடல் நன்றாக அமைந்தால் மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். விற்கும்போது பத்தாவது பெடலும் முதலாவதைப் போலவே இருந்தாக வேண்டும். மிதிக்கும் காலுக்கு எதிர்ப்புத் தரும் பாலியூரித்தேன் புஷ்களின் கடினம் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சற்று மாறுவதால், வந்தவுடன் கடினமானியால் சோதித்துப் பிரிக்கிறேன். துளைகள் இடம் மாறாமலிருக்கத் தகட்டைப் பிடித்து வழிகாட்டும் ஜிக் ஒன்றைச் செய்து கொடுத்த பிறகுதான் பட்டறையிலிருந்து ஒரே மாதிரியான தகடுகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு பெடலும் தெரிந்த எடைகளால் அளவுதிருத்தம் செய்யப்பட்டு, அந்த அளவுகள் எழுதிய தாளுடனே பெட்டிக்குள் போகிறது.

காகித வேலை இரண்டைச் சொல்ல வேண்டும். வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்பவர், விற்றுமுதல் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு செய்தாக வேண்டும். யுஎஸ்பி கருவியைக் கணினி அடையாளம் காண உதவும் சொந்த எண்ணைப் பெற 6,000 டாலர் கட்டணம். சிறுதொழிலுக்கு அது பெரிய பாரம். வடிவமைப்பைத் திறந்த மூலமாக வெளியிடுவோருக்குப் பிஐடி கோட்ஸ் என்ற திட்டம் இலவசமாக எண் தருகிறது. பெடலுக்குள் இயங்கும் மென்பொருளான என் ஃபர்ம்வேரை வெளியிட அதுவும் ஒரு காரணம். வாங்கியவர் தம் பெடலைத் தாமே பழுதுபார்க்க முடிய வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

விலை கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, எதில் உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள் என்பதைத்தான். 50 கிலோ விசையில் மிதிக்கும்போது சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி பின்னோக்கி ஓடும், லேசான மரப்பலகை வளையும். அங்கே லோடு செல் பெடல் பயன் தராது. அப்படிப்பட்டவர்களிடம் முதலில் உறுதியான ரிக் அமைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். விற்பனை தள்ளிப்போகிறது, ஆனால் அவர்களில் பலர் திரும்ப வருகிறார்கள்.

ஸ்டீயரிங் மோட்டாரும் செய்து தரும்படி அடிக்கடி கேட்கிறார்கள். 20 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் மோட்டார் தவறான கணத்தில் சுழன்றால் மணிக்கட்டு முறிந்துவிடக்கூடும். அவசர நிறுத்தப் பொத்தான் முதல் மின் பாதுகாப்புச் சோதனைகள் வரை அதற்கு வேண்டிய ஏற்பாடுகள் என் பட்டறையில் இல்லை; அவை அமையும்வரை அந்த ஆர்டரை ஏற்கப்போவதில்லை. அடுத்து செய்யவிருப்பது, இதே லோடு செல்லையும் இதே சர்க்யூட்டையும் கொண்ட ராலி கைப்பிரேக்.