பக்கத்து வீட்டோடு பக்கத்து நாட்டுக்கு

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வெளிநாடு போகிறோம் என்றதும் தெருவில் எல்லாரும் துபாயா சிங்கப்பூரா என்றுதான் கேட்டார்கள். இலங்கை என்றதும், அதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கிலேயே வராது என்றார் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நாகர்கோவிலில் ரயில் ஏறினால் சென்னை போகவே ஒரு ராத்திரி முழுக்கக் கழிந்துவிடும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பு, கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் முதல் முத்திரையும் விழுந்துவிடும். திங்கள்சந்தையிலிருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் என்று நெரிசலில் ஊர்ந்து விமான நிலையம் போய்ச் சேர எடுத்த நேரம்தான் பறந்த நேரத்தைவிட அதிகம்.

பக்கத்து வீட்டு அக்கா குடும்பமும் நாங்களுமாகப் போனோம். எங்கள் பிள்ளைகள் இரண்டு, அவர்கள் பிள்ளைகள் இரண்டு. சொந்தக்காரர்களோடு போவதைவிடப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு போவது நல்லது என்று நான் அடித்துச் சொல்வேன். சொந்தம் என்றால் யார் எவ்வளவு போட்டார்கள், யாருக்கு ஜன்னல் பக்க அறை கொடுத்தார்கள் என்று கல்யாண வீடு வரைக்கும் பேச்சு நீளும். பக்கத்து வீட்டில் அந்த வம்பு இல்லை. எந்தப் பிள்ளை மீன் முள்ளுக்குப் பயப்படும், எது தலையணை இல்லாமல் தூங்காது என்பதெல்லாம் தினமும் பார்ப்பதுதானே. என் சின்னவன் பாதி நாள் அக்கா மடியில்தான் கிடந்தான், பெரியம்மா பெரியம்மா என்று. அக்கா வீட்டு அண்ணன் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கி, இரண்டு வீட்டிலும் ஒரே அளவு பணம் வாங்கிப் பொதுப்பையில் போட்டு, வேன் வாடகை, சாப்பாடு, டிக்கெட் என்று எல்லாவற்றையும் அதிலேயே எழுதினார். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது, அதனால் ஐஸ்கிரீம் விலையைப் பார்த்து முதலில் வாய் பிளந்த பிள்ளைகள் அப்புறம் எதைக் கண்டாலும் மூன்றால் வகுக்கத் தொடங்கிவிட்டார்கள். வகுத்தல் கணக்கு அவ்வளவு வேகமாக வரும் என்று அவர்கள் டீச்சருக்கே தெரியாது.

கொண்டுபோன முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் கடைசி வரை கெடவில்லை. ஆனால் அவ்வளவு கட்டிக்கொண்டு போயிருக்கவே வேண்டாம். இடியாப்பமும் சொதியும், ஆப்பமும், மாசிக் கருவாடு போட்டு இடித்த தேங்காய்ச் சம்பலும் கிடைக்கிற ஊரில் நம் மாவட்டத்துப் பிள்ளை பட்டினி கிடக்காது.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து தெற்கே காலி என்ற நகரத்துக்கு ரயிலில் போனோம். தண்டவாளம் பல இடங்களில் கடலை ஒட்டியே ஓடுகிறது, அலை உடைவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். பிள்ளைகள் கத்திக்கொண்டே வந்தார்கள். இக்கடுவைக்குக் கொஞ்சம் முன்னால் பெரலிய என்ற ஊர் வந்தபோது, எதிரே இருந்த ஒரு பெரியவர் வெளியே கைகாட்டி, இங்கேதான் சுனாமியில் ரயில் போனது என்றார். 2004 டிசம்பர் 26 அன்று இதே பாதையில் வந்த ரயிலைக் கடல் புரட்டிப் போட்டதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அக்கா பிறந்தது கொட்டில்பாட்டில். குளச்சல் பக்கத்து ஆட்களுக்கு அந்த ஊர்ப்பெயரைச் சொன்னாலே போதும், மேலே விளக்க வேண்டாம். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கள் ஊரில் கடல் எப்படி ஏறியது, யார் யாரையெல்லாம் தேடினார்கள் என்று சொன்னார். இத்தனை வருடம் சுவரை ஒட்டி வாழ்கிறோம், அக்கா அதை முழுக்கச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நாலு பிள்ளைகளும் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

காலிக் கோட்டைக்குத்தான் நான் இந்தப் பயணத்தையே திட்டமிட்டேன். போர்த்துகீசியர் முதலில் கட்டிய இடத்தை 1640-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, கருங்கல்லும் பவளக்கல்லும் வைத்துப் பெரிதாகக் கட்டினார்கள். மதில்மேல் சுற்றி நடக்கலாம், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கிரிக்கெட் மைதானம். சுனாமியன்று வெளியே நகரம் சிதைந்தபோதும் உள்ளே இருந்தவர்களை இந்த மதில்தான் காத்தது. பழைய வாசலின் உட்புறம் டச்சுக் கம்பெனியின் சின்னம் இருக்கிறது, இரண்டு சிங்கங்கள், உச்சியில் ஒரு சேவல், 1669 என்ற வருடம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் மூத்தவள், "சித்தி, நம்ம குளச்சல்ல தோத்தவங்க இவங்கதானா?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி போதும், டிக்கெட் காசு முழுக்க வந்துவிட்டது.

இவர்கள்தான். 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவை அடக்க டச்சுப்படை இலங்கையிலிருந்துதான் கப்பலேறி வந்து குளச்சலில் இறங்கியது. நம் ஊர் கடற்கரையில் தோற்றது. பிடிபட்ட டச்சுப்படை அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி, உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தி, 1777-இல் இறந்து அங்கேயே அடக்கமானார். குளச்சல் வெற்றித்தூணைப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிற பிள்ளைகளுக்கு, எதிராளி புறப்பட்டு வந்த நாடு இதுதான் என்று அந்த மதில்மேல் நின்று சொல்லும்போது வரலாற்றுப் புத்தகம் தேவைப்படவில்லை.

கண்டியும் நுவரெலியாவும் போனோம். அழகுதான், குளிர்தான், தேயிலைதான். ஆனால் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வளைவுப் பாதையில் அவ்வளவு நேரம் உட்காரவைப்பது தேவையில்லை என்பது என் கருத்து. அந்த நேரத்தைக் கடற்கரையில் கொடுத்திருந்தால் கொண்டாடியிருப்பார்கள்.

கடைசியாகக் கொழும்பு. இந்த முறை சித்ரா பௌர்ணமியும், புத்தருக்கு எடுக்கும் வெசாக் பண்டிகையும் ஒரே நாளில் வந்தன. வழக்கமாக அன்று சாயங்காலம் சூரியன் இறங்குவதையும் நிலா ஏறுவதையும் ஒன்றாகப் பார்க்கக் கன்னியாகுமரிக்குப் போய்க் கூட்டத்தில் நசுங்குவோம். இங்கே காலிமுகத்திடலில் சூரியன் கடலில் இறங்க, நிலா கட்டடங்களுக்குப் பின்னால் ஏறியது. இருட்டியதும் பேரா ஏரிக்கரை பக்கம் நடந்தோம். வீட்டுக்கு வீடு காகித விளக்குக் கூடுகள், புத்தர் கதைகளை மின்விளக்கில் காட்டும் ஆளுயரத்துக்கும் மேலான பந்தல்கள். தெருவோரம் தன்சல் என்று எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு, கொடி ஆட்டி வண்டியை நிறுத்தி வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். ஓர் இடத்தில் வரிசையில் நின்று வாங்கினால் மரச்சீனிக் கிழங்கு, அதுதான் மரவள்ளி! ஆவி பறக்க வெட்டிப்போட்டு, மேலே சிவப்பாகத் தேங்காய்ச் சம்பல். அண்ணன் மறுபடி வரிசையில் போய் நின்றார். பரிமாறிய பையன் எங்களை எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை, தட்டை நீட்டியவருக்கெல்லாம் அள்ளி வைத்துக்கொண்டே இருந்தான்.

போக நினைப்பவர்கள் எடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் திரும்பிவிடுகிற மாதிரி போங்கள், நம் மழைதான் அங்கேயும். ஏப்ரல் நடுவில் புத்தாண்டுக்குப் பல கடைகள் அடைத்திருக்கும், அதையும் தவிருங்கள்.

பொதுப்பையில் கொஞ்சம் மிஞ்சியது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் புலியூர்க்குறிச்சிக்குப் போய் உதயகிரிக் கோட்டையில் டிலனாய் கல்லறையைப் பார்த்தோம். லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. பழைய எழுத்தைப் பிள்ளைகள் நாலு பேரும் சண்டை போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டினார்கள். அடுத்தது வட்டக்கோட்டை, மீதிப் பணம் அண்ணன் கையில்தான் இருக்கிறது.